மனக்கவலையும் விசாரிப்பும்: காவிரிப் படுகைக் கிறித்தவத் தமிழ் இலக்கியத்தில் மனநிறைவு

ஆய்வுச் சுருக்கம்

காவிரிப் படுகையில் தோன்றிய கிறித்தவத் தமிழ் இலக்கியம் கவலையின்மையையும் மனநிறைவையும் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’யும், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யும் இதற்கு முதன்மைத் தரவுகளாகக் கொள்ளப்படுகின்றன. நாளை நிகழ்வதை அறிந்துகொள்வதால் கவலை தீர்வதில்லை, நம்பத்தக்க ஒருவரிடம் நாளையை ஒப்படைப்பதால் தீர்கிறது என்பது இவ்விலக்கியத்தின் அடிப்படைக் கருத்து. தன்னைப் பற்றிய கவலையினின்று விடுபட்ட மனம் பிறரை விசாரிக்கும் மனமாக மாறும்போதே அவ்விடுதலை முழுமையுறுகிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கவலை, விசாரிப்பு, மனநிறைவு, அடைக்கலம், குறவஞ்சி, வேதநாயகம் சாஸ்திரியார், வேதநாயகம் பிள்ளை, தாது வருடப் பஞ்சம்.

1. முன்னுரை

ஆற்று நீரை நம்பி நெல் விளைவிக்கும் நாட்டில் கவலை என்பது தனிமனித உள்ளத்தின் நிலை மட்டும் அன்று. அது பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. ஆற்றில் தண்ணீர் வருமா என்பது நாற்றங்காலில் தொடங்கும் கவலை. வடகிழக்குப் பருவமழை பயிரை மூழ்கடிக்குமா என்பது கதிர் பிடிக்கும் காலத்துக் கவலை. களத்தில் குவிந்த நெல்லில் வரிக்கும் வாரத்துக்கும் போக எஞ்சுவது எவ்வளவு என்பது அறுவடைக்குப் பிந்திய கவலை. இத்தகைய நிலத்தில் ‘நாளையைக் குறித்துக் கவலைப்பட வேண்டா’ என்னும் கிறித்தவப் போதனை எவ்வாறு பொருள்படும் என்பது எளிய வினா அன்று. விதையாமலும் அறுக்காமலும் வாழும் பறவைகளைச் சான்று காட்டும் மலைப்பொழிவு, விதைப்பையும் அறுப்பையுமே வாழ்வாகக் கொண்ட மக்களிடம் வந்து சேர்ந்தது.

கிறித்தவத் தமிழ் இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பிய அமைப்பு, சிற்றிலக்கிய வகை, மொழிநடை, சமயப் பரப்பல் ஆகிய நோக்குகளில் அமைந்துள்ளன. அவ்விலக்கியம் தன்னைப் பாடியவர்க்கும் கேட்டவர்க்கும் வாழ்வில் எதனைத் தந்தது என்னும் வினா அத்துணை விரிவாக எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாவைக் ‘கவலை’ என்னும் ஒரு சொல்லின் வழியே அணுகுகிறது.

2. கவலை: சொல்லும் பொருளும்

சங்க இலக்கியத்தில் ‘கவலை’ என்னும் சொல் கவர்த்த வழியையும் குறிக்கிறது. பாலை நிலத்தில் பல கிளைகளாகப் பிரியும் பாதையில் எவ்வழி செல்வது என்று அறியாது நிற்கும் வழிப்போக்கனின் நிலை, மனத்துயரைக் குறிக்கும் பிற்கால வழக்கோடு ஒப்புநோக்கத்தக்கது. ஒன்றில் ஊன்றாமல் பலவாகப் பிரிந்து நிற்பது இரண்டிற்கும் பொது.

திருக்குறளின் கடவுள் வாழ்த்து அதிகாரத்து ஏழாம் குறள் ‘மனக்கவலை’ என்னும் தொடரை ஆள்கிறது. ஒப்பில்லாத இறைவனின் தாளைச் சேர்ந்தவர் அல்லாதார்க்கு மனக்கவலையைப் போக்குதல் அரிது என்பது அதன் கருத்து. ஈண்டுக் கவலை தீரும் வழி ‘சேர்தல்’ எனப்படுகிறது. அதே நூலின் துறவறவியல், அவா அறுத்தலைத் துன்பம் தீரும் வழியாகக் கூறுகிறது. ஒன்றைச் சேர்வதால் கவலை தீர்தல், ஒன்றை விடுவதால் கவலை தீர்தல் என்னும் இரு நெறிகளும் கிறித்தவம் வருமுன்னரே தமிழில் வழங்கின. கிறித்தவத் தமிழ்ப் புலவர்கள் புதிதாகச் சொல்ல வந்ததை இந்த நிலத்தில்தான் ஊன்ற வேண்டியிருந்தது. அவர்கள் பெரிதும் தழுவியது சேர்தல் நெறியை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் இங்கு ஒரு நுட்பத்தை வழங்குகிறது. கவலைப்படுதலைக் குறிக்கும் ‘மெரிம்னாவோ’ என்னும் வினை, ஒருவர்பால் அக்கறை கொள்ளுதலையும் குறிக்கும். சிறையிலிருந்து பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தில் இவ்வினை இருவகையிலும் வருகிறது. நான்காம் அதிகாரத்தில் கவலை கொள்ள வேண்டா என்று விலக்கும் இடத்திலும், இரண்டாம் அதிகாரத்தில் தீமோத்தேயு பிலிப்பியர்பால் கொண்ட அக்கறையைப் புகழும் இடத்திலும் ஆளப்படுவது ஒரே வினையே. ஆகவே பவுல் விலக்குவது அக்கறையை அன்று. அக்கறை தன்மேல் மட்டும் திரும்பி அச்சமாக இறுகும் நிலையையே.

ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் நிறைவு செய்த தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விரு பொருளையும் இரு சொற்களாகப் பகுக்கிறது. விலக்கப்படுவதைக் ‘கவலைப்படுதல்’ என்றும், புகழப்படுவதை ‘விசாரித்தல்’ என்றும் அது பெயர்க்கிறது. பேதுருவின் முதல் நிருபத்து ஐந்தாம் அதிகாரத்தில் இவ்விரு சொற்களும் ஒரே வசனத்தில் எதிரெதிரே நிற்கின்றன. மனிதன் இறக்கி வைப்பது கவலை. இறைவன் செய்வது விசாரிப்பு. ‘விசாரம்’ என்னும் சொல்லே தமிழ் வழக்கில் துயரையும் குறித்தது, ஆய்தலையும் குறித்தது. பங்கைக் கவனிக்கும் குருவை ‘விசாரணைக் குரு’ என்ற பழைய கத்தோலிக்க வழக்கும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

சாஸ்திரியார் பயின்று போற்றியது பப்ரிசியசின் மொழிபெயர்ப்பு. இரேனியசின் திருத்தத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்போ அவர் மறைவுக்குப் பின்னர் நிறைவுற்றது. எனவே மேற்கண்ட சொற்பகுப்பு அவருடைய நூல்களுக்கு மூலம் ஆகாது. கிறித்தவத் தமிழில் நெடுங்காலம் உருவாகிவந்த ஒரு பொருள் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் கருவியாக மட்டுமே அது இங்குக் கொள்ளப்படுகிறது.

மனநிறைவைக் குறிக்கும் சொற்களும் கருதத்தக்கவை. பிலிப்பியர் நிருபம் கூறும் நிறைவை அம்மொழிபெயர்ப்பு ‘மனரம்மியம்’ என்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் ‘போதும்’ என்னும் சொல்லையே அடியாகக் கொள்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘மனநிறைவு’ என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டது. இவற்றின் மூலமான கிரேக்கச் சொற்கள், பிறரைச் சாராது தன்னில் தானே நிறைந்திருத்தலைக் குறிக்க ஸ்தோயிக்க மெய்யியலார் வழங்கியவை. பவுல் அச்சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றுகிறார். அவர் கூறும் நிறைவு சார்பின்மையில் பிறப்பதன்று. தன்னை வலுப்படுத்தும் ஒருவரைச் சார்ந்திருப்பதில் பிறப்பது. குறைவிலும் நிறைவிலும் இருக்கக் ‘கற்றுக்கொண்டதாக’ அவர் சொல்வதும் கருதத்தக்கது. மனநிறைவு இயல்பாக அமையும் குணம் அன்று, பயிற்சியால் வாய்ப்பது என்பது இதனாற் பெறப்படும்.

3. அச்சம் நிறைந்த நாடும் நம்பத்தக்க சொல்லும்

சாஸ்திரியார் வாழ்ந்த தஞ்சையின் வரலாற்றுச் சூழல் இவ்விலக்கியத்தின் பின்புலம். 1781இல் ஹைதர் அலியின் படையெடுப்பு சோழநாட்டு வயல்களைப் பாழாக்கியது. வாய்க்கால்கள் தூர்ந்தன, கால்நடைகள் கவரப்பட்டன, கோட்டைக்குள் உணவின்றி மக்கள் மடிந்தனர். சுற்றுப்புற ஊர்களில் நெல் இருந்தும் கோட்டைக்கு வரவில்லை. கொண்டுவந்தால் விலை கிடைக்கும் என்று எவரும் நம்பாமையே காரணம். ஜெர்மானிய மறைப்பணியாளர் கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் (1726–1798) தாமே பணம் தருவதாகப் பொறுப்பேற்ற பின்னரே ஏறத்தாழ 80,000 கலம் தானியம் வந்து சேர்ந்தது. பின்னர், வரிக்கொடுமை அஞ்சி ஊரைவிட்டு வெளியேறிய உழவர்கள் அரசின் உறுதிமொழியை ஏற்க மறுத்தபோதும், சுவார்ட்ஸின் சொல்லை ஏற்று ஆயிரக்கணக்கானோர் வயல்களுக்குத் திரும்பினர்.

இந்நிகழ்ச்சியில் உழவர்க்கு நாளை என்ன நிகழும் என்பது வெளிப்படவில்லை. மழையும் வரியும் போரும் முன்போலவே நிச்சயமற்றிருந்தன. மாறியது ஒன்றே: சொன்ன சொல் காப்பவர் ஒருவர் அவர்களுக்கும் நாளைக்கும் இடையே நின்றார். ‘விசுவாசம்’ என்று கிறித்தவத் தமிழ் வழங்கும் சொல்லின் உள்ளமைப்பும் இதுவே. அது எதிர்கால அறிவன்று. ஒருவருடைய சொல்லின்மேல் வைக்கும் நம்பிக்கை.

நெல்லைச் சீமையில் பிறந்த சாஸ்திரியார், போர்க்காலப் பேரழிவின் வடுக்கள் ஆறாத தஞ்சைக்கு ஏறக்குறையப் பன்னிரண்டாம் வயதில் சுவார்ட்ஸால் அழைத்துவரப்பட்டார். தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் பயின்று, பத்தொன்பது வயதளவில் தஞ்சைக் கிறித்தவப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்த மற்றோர் இளைஞரே 1798 முதல் 1832 வரை தஞ்சை அரசராக விளங்கிய இரண்டாம் சரபோசி.

4. குறவஞ்சி: கவலையின் இலக்கிய வடிவம்

தஞ்சை அரசவையில் குறவஞ்சி செல்வாக்குப் பெற்ற இலக்கிய வகை. சரபோசியே ‘தேவேந்திரக் குறவஞ்சி’யோடு தொடர்புடையவர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவ்வரசர்மேல் ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ பாடினார். இச்சூழலில் 1800ஐ ஒட்டிச் சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’யை இயற்றினார்.

குறவஞ்சியின் கதையோட்டம் யாவரும் அறிந்தது. தலைவன் உலா வருகிறான். தலைவி கண்டு மையல் கொள்கிறாள். நிலவையும் தென்றலையும் பழித்து வருந்துகிறாள். குறத்தி வந்து தன் நாட்டு வளமும் மலை வளமும் கூறித் தலைவியின் கைபார்த்துக் குறி சொல்கிறாள். தலைவி ஆறுதல் பெறுகிறாள். பின் சிங்கன் பறவை பிடிக்க வந்து சிங்கியைத் தேடிக் காண்கிறான். இவ்வகையைக் காதல் இலக்கியமாகவும் குறவர் வாழ்வின் சித்திரமாகவும் காண்பதே பெருவழக்கு. அதனைக் கவலை இலக்கியமாகவும் காண இடமுண்டு. தலைவியின் துயரம், தலைவன் வருவானா என்னும் நிச்சயமின்மையே. குறத்தியின் பணி, வரவிருப்பதை முன்னறிவித்து அந்நிச்சயமின்மையை நீக்குதல். கவலை, குறி, ஆறுதல் என்னும் மூன்று படிகளே இவ்வகையின் முதுகெலும்பு.

சாஸ்திரியார் இந்த முதுகெலும்பை அப்படியே வைத்துக்கொண்டு அதனுள் ஓர் அடிப்படை மாற்றத்தைச் செய்கிறார். அவர் நூலில் தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி சீயோன் மகளாகிய தேவமோகினி, திருச்சபையின் உருவகம். குறத்தி விசுவாசத்தின் உருவகம். சிங்கன் நற்செய்தி அறிவிக்கும் குரு. அவன் பிடிக்கும் பறவைகள் ஆன்மாக்கள். குறி சொல்பவளையே விசுவாசமாக ஆக்கியதில்தான் நூலின் கருத்து வன்மை அடங்கியுள்ளது. மரபான குறி, கைரேகையிலிருந்தும் நிமித்தத்திலிருந்தும் எதிர்காலத்தைப் படிப்பது. விசுவாசம் சொல்லும் குறிக்கு ஆதாரம் வேதத்தின் வாக்குத்தத்தம். முன்னது செய்தி, பின்னது உறுதிமொழி. செய்தி பொய்க்கக்கூடும் என்னும் ஐயம் தலைவியை மீண்டும் கவலையில் ஆழ்த்தும். உறுதிமொழியோ அதனைத் தந்தவரின் தன்மையைப் பொறுத்து நிற்பது. இவ்வாறு ‘நாளை என்ன நிகழும்?’ என்னும் வினா ‘நாளை யார் கையில் இருக்கிறது?’ என்னும் வினாவாக மாறிவிடுகிறது.

இம்மாற்றத்தைத் தழுவலின் எல்லைக்குள் நிகழ்ந்த திறமையான உத்தி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மலைப்பொழிவு நாளையைப் பற்றிய கவலையை நாளைக்கே விட்டுவிடச் சொல்கிறது. நாளையை முன்னறியும் வழி எதையும் தரவில்லை. அறியாமையோடு அமைதியாக வாழ்தல் எங்ஙனம் என்பதே அதன் அக்கறை. குறி கேட்கும் வழக்கம் வேரூன்றிய ஒரு பண்பாட்டில் இதனை விளக்கக் குறவஞ்சியைவிடப் பொருத்தமான வடிவம் அமைவது அரிது.

5. நாளும் கோளும்

கவலையின் மற்றொரு வேர் நாளும் கோளும் பற்றிய அச்சம். ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் உலக நிலவியற் செய்திகளும், கோப்பர்நிக்கசின் சூரிய மையக் கொள்கையைச் சார்ந்த வானியற் செய்திகளும் இடம்பெறுகின்றன. தரங்கம்பாடி, தஞ்சைக் கிறித்தவப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட புதிய அறிவியலின் தாக்கமாக ஆய்வாளர்கள் இதனைக் குறிப்பிடுவர். அது உண்மையே. எனினும் கோள்கள் படைத்தவனின் ஒழுங்கில் இயங்கும் உருண்டைகள் என்று காட்டுவது, அவை மனிதனின் நாளைத் தீர்மானிக்கும் ஆற்றல்கள் என்னும் அச்சத்தை நீக்கவும் செய்கிறது. மகளிர் கைகொட்டிப் பாடும் கும்மி வடிவில் அமைந்த ‘சாஸ்திரக்கும்மி’யில் அவர் நாள், சகுனம் முதலிய நம்பிக்கைகளை நேரடியாகச் சாடுகிறார்.

இவ்விடத்தில் சோழநாட்டுச் சைவ மரபோடு ஒப்பிடுதல் பயன்தரும். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தரை, கோள்நிலை நன்றாக இல்லை என்று திருநாவுக்கரசர் தடுத்தபோது பாடப்பட்டது கோளறு பதிகம் என்று பெரியபுராணம் கூறும். இறைவன் உள்ளத்தில் உறைவதால் கோள்கள் அடியார்க்கு நல்லனவாகவே அமையும் என்பது அப்பதிகத்தின் உட்கருத்து. சம்பந்தரும் சாஸ்திரியாரும் அச்சமின்மைக்கு இறைச்சார்பையே காரணமாகக் காட்டுகின்றனர். வேறுபாடு அச்சத்தை நீக்கும் முறையில் உள்ளது. சம்பந்தர் கோள்களின் ஆற்றலை மறுக்கவில்லை; அடியார்பால் அவற்றை நன்மையாகத் திருப்புகிறார். சாஸ்திரியார் மனிதனின் விதியை வகுக்கும் ஆற்றலையே கோள்களிடமிருந்து எடுத்துவிடுகிறார். ஒரே நிலத்தில் ஒரே அச்சத்திற்குக் கிடைத்த இரு விடைகள் இவை. பின்னதை முன்னதன் மறுப்பாக மட்டும் காணாமல், முன்னது பழக்கிய செவிகளாலேயே பின்னதும் கேட்கப்பட்டது என்று கொள்வதே இலக்கிய வரலாற்றுக்கு ஏற்றது.

6. அடைக்கலம்

கவலையை ஒப்படைக்கும் செயலுக்குத் தமிழ் வழங்கிய பழஞ்சொல் ‘அடைக்கலம்’. சிலப்பதிகாரத்தில் கண்ணகியை மாதரியிடம் கவுந்தியடிகள் ஒப்படைக்கும் பகுதி ‘அடைக்கலக் காதை’ எனப் பெயர் பெற்றது. ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தன்னுயிரினும் மேலாகக் காப்பது ஏற்றவர் கடன் என்னும் அறம் அச்சொல்லில் உள்ளது. வீரமாமுனிவர் (1680–1747) கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சிக்குத் ‘திருக்காவலூர்’ எனப் பெயரிட்டு, மரியன்னையை ‘அடைக்கல மாதா’ என அழைத்தார். அவ்வூரின்மேல் ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடினார். காவல், அடைக்கலம் என்னும் இரு சொற்களும் அரசியல் நிலையின்மை மிக்க பதினெட்டாம் நூற்றாண்டு மக்களுக்குக் கேட்டவுடன் பொருள் விளங்கியவை.

இம்மரபின் நடைமுறைத் தொடர்ச்சியைக் கீழைக் கடற்கரையின் வேளாங்கண்ணியில் காணலாம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நிகழும் திருவிழாவுக்குப் பல சமயத்தாரும் பல நாள் நடந்து வருகின்றனர். நோய், மகப்பேறு, கடன் எனத் தனித்தனிக் கவலைகளோடு வருவோர் அவற்றை நேர்த்திக்கடனாக உருமாற்றி இறக்கி வைக்கின்றனர். கேட்டது கிடைத்தால் தருவதாகச் செய்யும் பொருத்தனைக்கும், கிடைப்பினும் கிடையாவிடினும் ஒப்படைக்கும் அடைக்கலத்திற்கும் இடையே கோட்பாட்டு வேறுபாடு உண்டு. வழிபடுவோர் உள்ளத்தில் அவ்விரண்டும் கலந்தே இருக்கும். சாஸ்திரியார் வலியுறுத்துவது பின்னதை.

7. மனநிறைவின் சோதனை

கோட்பாட்டின் வன்மை, அதனைப் பாடியவரின் வாழ்வில் சோதிக்கப்படுகிறது. தம் குறவஞ்சியைப் போன்று தஞ்சைப் பெரிய கோயில் இறைவன்மேலும் ஒன்று பாடுமாறு சரபோசி வேண்டியபோது சாஸ்திரியார் மறுத்துவிட்டார் என்பது அவர் மரபினரிடையே வழங்கிவரும் செய்தி. அரச ஆதரவை இழக்கும் அச்சம் அவர் முடிவைத் தீர்மானிக்கவில்லை என்று அம்மரபு கருதுகிறது. 1829ஆம் ஆண்டளவில், புதிதாக வந்த மறைப்பணியாளர்களோடு ஏற்பட்ட கருத்து மாறுபாட்டால் அவர் தம் பணியை இழந்தார். அரசர் அவரைப் புலவராக ஏற்று ஊதியம் அளித்தார். ஒரு கதவு மூடியபோது மறு கதவு திறந்தது என்று இதனைப் பக்தி நோக்கில் கூறுவது எளிது. மாறுபாட்டின் காரணத்தையும் நோக்குவதே ஆய்வு நேர்மை.

அக்காரணங்களுள் முதன்மையானது சாதி. திருச்சபையில் அமர்விடத்திலும் நற்கருணை விருந்திலும் சாதி வேறுபாடு கூடாது என்று புதிய மறைப்பணியாளர்கள் கூறினர். வேளாளக் கிறித்தவராகிய சாஸ்திரியார் பழைய வழக்கங்களைத் தாங்கி எழுதினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை முற்றாக விலக்கி ஆணையிட்டபோது, தஞ்சை வேளாளக் கிறித்தவர் பலர் சபையைவிட்டு விலகினர். நாளையைக் குறித்த அச்சத்தைத் தம் பாடல்களில் வென்ற கவிஞரிடத்தும், நிலையைக் குறித்த அச்சம் எஞ்சியிருந்தது என்பதே இதனால் பெறப்படுவது.

காவிரிப் படுகையின் நிலவுடைமை அமைப்பில் இவ்வெஞ்சிய அச்சம் சிறிய குறை அன்று. மிராசுதாரரின் பத்தாயத்தில் அடுத்த ஆண்டு உணவு இருந்தது. பண்ணையாளின் கையில் அன்றைய கூலி நெல் மட்டுமே இருந்தது. ஆதனூர்ப் புலையராகிய திருநாளைப்போவாரின் கதையை இங்கு நினைவுகூரலாம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ அவரைத் தில்லைக்குச் செல்ல ஆண்டையின் அனுமதிக்குக் காத்திருக்கும் பண்ணையாளாகச் சித்திரிக்கிறது. ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு நாளை அவருடையதாக இல்லை. அது ஆண்டையின் கையில் இருந்தது. நாளையைக் குறித்துக் கவலைப்பட வேண்டா என்பதை நாளையைத் தன் களஞ்சியத்தில் அடைத்து வைத்திருப்பவர் நாளை மறுக்கப்பட்டவருக்குப் போதித்தால், மனநிறைவு அடக்குமுறையின் மொழியாகிவிடும்.

விவிலியம் இவ்விடருக்கு இடந்தரவில்லை. லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், கவலை தவிர்க்கும் போதனைக்கு முன்னர் ஓர் உவமை வைக்கப்பட்டுள்ளது. நிலம் மிகுதியாக விளைந்ததால் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடும் செல்வன், தன் உள்ளத்தை நோக்கி இனி நிம்மதியாய் இரு என்கிறான், அன்றிரவே இறக்கிறான். அவனது நிம்மதியே அங்குப் பேதைமை எனப்படுகிறது. ஆகவே கவலை நீங்கும் போதனை முதலில் நோக்குவது களஞ்சியம் உடையவனை. ‘போதும்’ என்னும் சொல்லை முதலில் சொல்லவேண்டியவன் அவனே.

8. மாயூரத்தில் விசாரிப்பு

இவ்வகையில் ‘போதும்’ என்று சொன்னவராகக் காணத்தக்கவர் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கராகிய அவர், தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். 1859இல் ‘நீதிநூல்’ வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879இல் வெளியிட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் ‘குளத்துக் கோவை’ பாடினார்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அவர் பணி ஓய்வு பெற்று மாயூரத்தில் வாழ்ந்த காலத்தில் நேர்ந்தது. ஆற்றுப் பாசனத்தால் தஞ்சை மாவட்டம் வறண்ட மாவட்டங்களைப் போல் அழியவில்லை. எனினும் விலை ஏறியது, பசித்தவர் பெருகினர். பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். அவ்வூரிலேயே வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரது கொடையைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். நந்தனின் நாளையைப் பாடிய சைவப் புலவர், பசித்தவர்க்கு இன்றைக் கொடுத்த கத்தோலிக்கரைப் பாடியது சமய எல்லைகளைக் கடந்த ஒரு மதிப்பீடு.

1878இல் வெளிவந்த ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யில் பஞ்சம் தீர வேண்டும் பாடல்கள் உள்ளன. அவற்றில் இறைவன் எச்சமயத்துக்கும் உரிய பெயரால் விளிக்கப்படவில்லை. பாடுபவர் தம் துயரை மட்டும் முறையிடாமல், மக்கள் அனைவரின் பசியையும் இறைவன்முன் வைக்கிறார். தன்னலக் கவலை வேண்டுதலாக மாறுவது பக்தி இலக்கியத்தின் பொது இயல்பு. இங்கு வேண்டுதலே பிறர் கவலையைத் தன் தோள்மேல் ஏற்பதாக விரிகிறது. நீதிமன்றத்தில் ‘விசாரணை’யைத் தொழிலாகக் கொண்டிருந்தவர், ஓய்வுக்குப் பின் பசித்தவரை விசாரிப்பதைக் கடனாகக் கொண்டார்.

இரண்டாம் பகுதியில் கண்ட கிரேக்க வினையின் இருபொருள் இவ்விடத்தில் செயல்வடிவம் பெறுகிறது. சேமிப்பு தீர்ந்துவிடுமோ என்று அஞ்சுபவரால் பஞ்சத்தில் கொடுக்க இயலாது. கவலையின்மையே கொடைக்கு முன்நிபந்தனை. கொடையே கவலையின்மை உண்மையானது என்பதற்குச் சான்று. அவ்வகையில் சாஸ்திரியாரின் குறவஞ்சி கவலை எங்குச் சென்று சேரவேண்டும் என்பதைக் காட்டியது. கவலை நீங்கிய கை என்ன செய்யவேண்டும் என்பதைப் பிள்ளையின் கீர்த்தனையும் கஞ்சி வார்த்தலும் காட்டின.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. காவிரிப் படுகைக் கிறித்தவத் தமிழ் இலக்கியம், அவா அறுத்தலைவிட இறைவனைச் சேர்தலையே மனக்கவலை தீரும் வழியாக முதன்மைப்படுத்துகிறது. குறளின் கடவுள் வாழ்த்தும் சோழநாட்டுப் பக்தி மரபும் இதற்கு நிலம் பண்படுத்தியிருந்தன.

2. குறவஞ்சி வகை, கவலை, குறி, ஆறுதல் என்னும் கட்டமைப்பை உடையது. குறத்தியை விசுவாசமாக்கியதன் வழிச் சாஸ்திரியார் முன்னறிவின் இடத்தில் வாக்குறுதியை வைத்தார்.

3. நாள், கோள் பற்றிய அச்சத்தைச் சம்பந்தர் இறையருளால் நன்மையாக மாற்றினார். சாஸ்திரியார் படைப்பின் ஒழுங்கைக் காட்டி அதனைக் களைந்தார்.

4. சாதி பற்றிய பூசலில், நாளையைக் குறித்த அச்சம் நீங்கியும் நிலையைக் குறித்த அச்சம் எஞ்சியது. இது அம்மரபின் தீராத குறை.

5. வேதநாயகம் பிள்ளையிடம் கவலையின்மை விசாரிப்பாக மலர்ந்தது. தன்னைப் பற்றிய கவலையை இறக்கி வைத்த மனமே பிறர் பசியைச் சுமக்க வல்லது.

மனநிறைவு பற்றிய இக்காலச் சொற்பொழிவுகளும் அறிவுரை நூல்களும் பெரும்பாலும் அதனைத் தனிமனித நிம்மதியாகவே சுருக்கிவிடுகின்றன. ஆற்று நீரையும் அடுத்தவர் உழைப்பையும் நம்பி வாழ்ந்த ஒரு நாட்டின் இலக்கியம், எவரும் தனியாக நிம்மதி அடைதல் இயலாது என்பதை உணர்ந்திருந்தது. சாஸ்திரியாரின் ‘ஞானத்தச்ச நாடகம்’, ‘ஞானவுலா’ முதலிய பிற நூல்களையும், பிள்ளையின் ‘சத்திய வேதக் கீர்த்தனை’, ‘திருவருள் மாலை’ ஆகியவற்றையும் இந்நோக்கில் ஆராய்ந்தால், கிறித்தவத் தமிழ் இலக்கியம் தமிழ் அறவியலுக்கு வழங்கிய கொடை மேலும் தெளிவுறும்.